கலமும் நாழியும்: எண்ணின் இயல்பும் எழுத்தின் இயல்பும்

நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரையொன்று எழுதுமாறு பணிக்கப்பட்டபோது, எதைப் பற்றி எழுதுவது என்று சில நாள் எண்ணிப் பார்த்தோம். அரசர்களின் போர்களையும் முடிசூட்டு விழாக்களையும் எழுதப் பலர் உளர். ரமணாசிரமம் பகுதியில் நடைபெறும் நம் மாலை வகுப்பில் மாணவர் ஒருவர் எழுப்பிய வினாவே நமக்கு வழிகாட்டியது. "ஐயா, எட்டுப் படி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம் என்று எங்கள் பாட்டி சொல்கிறார். எல்லாவற்றையும் பத்துப் பத்தாக வைத்திருந்தால் எளிதாக இருந்திருக்குமே! ஏன் இப்படிக் குழப்பி வைத்தார்கள்?" என்பது அவ்வினா.

குழப்பி வைத்ததாகத் தோன்றும் அக்கணக்கில் ஓர் ஒழுங்கு உண்டு. அவ்வொழுங்கை அறிந்தவர் ஆண்டனர், அறியாதவர் உழைத்தனர். ஆகவே அவ்வினாவுக்குரிய விடை, கணிதப் பாடமாக மட்டுமன்றி நம் சமுதாய வரலாற்றின் ஒரு பக்கமாகவும் அமைகின்றது.

அடிமானம் என்பது யாது?

நாம் இன்று எழுதும் எண்கள் பத்தை அடிமானமாகக் கொண்டவை. 29 என்று எழுதினால் இரண்டு பத்தும் ஒன்பது ஒன்றும் சேர்ந்தது என்று பொருள். மனிதனுக்குப் பத்து விரல்கள் இருப்பதால் இவ்வழக்கம் உண்டாயிற்று என்பர். ஆயினும் பத்துதான் வேண்டும் என்று எண்ணுக்கு ஏதும் கட்டாயம் இல்லை.

நம் ஊர் வழக்கிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். மலையை வலம் வருவோர் இந்திரலிங்கத்தில் தொடங்கி ஈசானிய லிங்கம் வரை எட்டு லிங்கங்களைக் கடக்கின்றனர். நம் பகுதி அக்கினி லிங்கத்திற்கும் யமலிங்கத்திற்கும் இடையே அமைந்தது. ஒருவர் பல நாள்களில் மூன்று முறை முழுமையாக வலம் வந்து, நான்காம் முறையில் ஐந்தாவதாகிய வருணலிங்கத்தருகே நிற்கிறார் என்று கொள்வோம். அவர் கடந்த லிங்கங்கள் எத்தனை? மூன்று எட்டு இருபத்து நான்கு, அதனுடன் ஐந்து, ஆக 29. இதனையே அவர் "3 சுற்று, 5 லிங்கம்" என்று குறித்து, 35 என அடுத்தடுத்து எழுதி வைத்தால், அது எட்டை அடிமானமாகக் கொண்ட எழுத்தாகும். 29 என்பதும் 35 என்பதும் இரு வேறு உடைகள். உள்ளிருக்கும் எண் ஒன்றே.

வட தமிழகத்தில் வழங்கிய முகத்தலளவையும் இத்தகையதே. 8 ஆழாக்கு ஒரு படி. 8 படி ஒரு மரக்கால். 300 ஆழாக்கு நெல்லை அளந்தால் 4 மரக்கால், 5 படி, 4 ஆழாக்கு வரும். இந்த 454 என்பது எட்டின் அடிமானத்தில் எழுதப்பட்ட 300 ஆகும். எழுதப் படிக்கத் தெரியாத நம் பாட்டியர் நாள்தோறும் எட்டின் அடிமானத்தில் கூட்டியும் கழித்தும் வந்தனர். அதற்கொரு பெயர் உண்டென்பதை மட்டும் அவர்களுக்கு எவரும் சொல்லித் தரவில்லை.

கலக் கணக்கின் அமைப்பு

பழங்கல்வெட்டுகளில் காணப்படும் வாய்பாடு சற்று விரிவானது. 2 ஆழாக்கு ஓர் உழக்கு. 2 உழக்கு ஓர் உரி. 2 உரி ஒரு நாழி. 8 நாழி ஒரு குறுணி. 2 குறுணி ஒரு பதக்கு. 2 பதக்கு ஒரு தூணி. 3 தூணி ஒரு கலம். குறுணியே மரக்கால் எனவும் வழங்கும். ஆகவே ஒரு கலம் 12 குறுணி, அல்லது 96 நாழி, அல்லது 768 ஆழாக்கு.

இதில் ஒரே அடிமானம் முழுவதும் இல்லை. கீழே இரட்டித்து இரட்டித்துச் செல்கிறது. நடுவில் எட்டு வருகிறது. மேலே மூன்று வருகிறது. கணித நூலோர் இதனைக் கலப்பு அடிமானம் என்பர். இவ்வமைப்பிற்குத் தக்க காரணங்கள் உண்டு.

முதற்காரணம், பாத்திரங்களின் சிக்கனம். ஆழாக்கு, உழக்கு, உரி, நாழி ஆகிய நான்கு பாத்திரங்கள் மட்டும் ஒருவரிடம் உள்ளன. அவை முறையே 1, 2, 4, 8 ஆழாக்கு கொள்வன. ஒவ்வொன்றையும் ஒரு முறைக்கு மேல் பயன்படுத்தாமலே 1 முதல் 15 வரை எத்தனை ஆழாக்கு வேண்டுமாயினும் அளந்துவிடலாம். 13 வேண்டுமானால் நாழி, உரி, ஆழாக்கு. 11 வேண்டுமானால் நாழி, உழக்கு, ஆழாக்கு. ஒவ்வொரு பாத்திரமும் எடுக்கப்படும், அல்லது விடப்படும். மூன்றாவது நிலை இல்லை. இன்றைய கணிப்பொறி எண்களை வைத்துக்கொள்வதும் இதே முறையில்தான். இரண்டை அடிமானமாகக் கொண்ட எழுத்தை ஜெர்மானிய அறிஞர் லைப்னிட்ஸ் 1703-ல் விளக்கி எழுதினார். இதனால் கணிப்பொறியைத் தமிழரே கண்டுபிடித்தனர் என்று பெருமை பேசுவது நம் நோக்கமன்று. இரட்டித்து அளத்தல் உலகில் பல மக்களிடமும் இருந்த வழக்கமே. நம் களத்து மேட்டில் இருந்த அறிவு எளிதில் இகழத்தக்கதன்று என்பதே நாம் கூற விரும்புவது.

இரண்டாம் காரணம், பங்கிடும் வசதி. கலத்தில் பாதி 6 குறுணி. அதாவது தூணிப் பதக்கு. மூன்றில் ஒன்று தூணி. நான்கில் ஒன்று முக்குறுணி. மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் உள்ள முக்குறுணிப் பிள்ளையாரின் பெயரில் நிற்பது இந்தக் கால் கலமே. ஆறில் ஒன்று பதக்கு. எட்டில் ஒன்று குறுணி நானாழி. பன்னிரண்டில் ஒன்று குறுணி. இவ்வாறு இரண்டு, மூன்று, நான்கு, ஆறு, எட்டு, பன்னிரண்டு என எத்தனை பேர் வந்து நின்றாலும் ஒரு நாழியும் உடையாமல் பங்கிடலாம். நூறு என்னும் எண்ணை மூவருக்குப் பங்கிட்டுப் பாருங்கள். ஒன்று மிச்சம் நிற்கும். விளைச்சலை மேல்வாரம், குடிவாரம், கூலி, சுதந்தரம் எனப் பல கூறாகப் பிரித்த ஊர்களில் 96 என்னும் எண் ஏன் நிலைத்தது என்பது இப்போது விளங்கும். பாட்டியின் கணக்கு குழப்பமன்று, பங்கிடுவோரின் கணக்கு.

எண்ணின் குணமும் எழுத்தின் குணமும்

இனி நம் இளைஞர்கள் நன்கு மனத்திற்கொள்ள வேண்டிய ஒரு வேறுபாட்டைக் கூறுவோம். கணித மேதை இராமானுஜன் இங்கிலாந்தில் நோயுற்றிருந்தபோது பேராசிரியர் ஹார்டி அவரைக் காணச் சென்ற செய்தியைப் பலரும் அறிவர். தாம் வந்த வாடகைக் காரின் எண் 1729 என்றும், அதில் சிறப்பு ஏதும் இல்லை என்றும் ஹார்டி கூறினார். இராமானுஜன் அதனை மறுத்தார். இரு கனங்களின் கூட்டாக இருவகையில் எழுதத்தக்க எண்களுள் மிகச் சிறியது அதுவே என்றார். 12-ன் கனம் 1728, அதனுடன் 1. அன்றியும் 10-ன் கனம் 1000, அதனுடன் 9-ன் கனம் 729.

இதே எண்ணுக்கு வேறொரு வியப்பும் உண்டு. அதன் இலக்கங்களாகிய 1, 7, 2, 9 ஆகியவற்றைக் கூட்டினால் 19. அந்த 19-ஐத் திருப்பி எழுதினால் 91. 19-ஐயும் 91-ஐயும் பெருக்கினால் மீண்டும் 1729. நாசிக்கை அடுத்த தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக வாழ்ந்து, எண்களின் விளையாட்டுகளை ஆராய்ந்த கப்ரேகர், தம் இலக்கக் கூட்டுத்தொகையால் மீதியின்றி வகுபடும் எண்களுக்கு ஹர்ஷத் எண்கள் எனப் பெயரிட்டார். 1729 அவ்வகையைச் சேர்ந்தது.

இவ்விரு சிறப்புகளும் ஒரே தன்மையன அல்ல. 1729-ஐப் பன்னிரண்டின் அடிமானத்தில் எழுதினால் 1001 என்று வரும்; 12-ன் கனம் ஒன்றும், ஒன்றும் சேர்ந்ததல்லவா அது! இப்போது இலக்கங்களின் கூட்டுத்தொகை 2. இந்த எண்ணோ ஒற்றைப்படை, இரண்டால் வகுபடாது. ஹர்ஷத் என்னும் சிறப்பு மறைந்துவிட்டது. ஆனால் கனங்களின் சிறப்பு மறையவில்லை. எந்த அடிமானத்தில் எழுதினாலும் அந்த எண் இரு கனங்களின் கூட்டாக இருவகையில் நிற்கும். முன்னது எழுத்தின் குணம். பின்னது எண்ணின் குணம். உடை மாறினால் மாறுவது ஒன்று, மாறாதது மற்றொன்று.

1729 நாழி நெல்லை நம் பழைய கணக்கில் எழுதிப் பார்ப்போம். எட்டால் வகுத்தால் 216 குறுணி, மீதி 1 நாழி. 216-ஐப் பன்னிரண்டால் வகுத்தால் 18 கலம், மீதி இல்லை. ஆகப் பதினெண் கலமும் ஒரு நாழியும். இராமானுஜன் கண்ட "ஒன்று கூடிய கனம்" நம் மரக்காலிலும் கலத்திற்கு மேல் ஒரு நாழியாக எஞ்சி நிற்பதைக் காண்க. பன்னிரண்டும் எட்டும் கலத்தில் அடங்கியிருப்பதால் 1728 முழுக் கலங்களாக அமைந்துவிடுகிறது.

கல்லில் எழுதிய கணக்கு

இக்கணக்கு ஏட்டோடு நின்றுவிடவில்லை. 1010-ஆம் ஆண்டளவில் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளில் கலமும் குறுணியும் நாழியும் நிறைந்திருக்கின்றன. நானூறு தளிச்சேரிப் பெண்டுகளுக்குப் பங்கொன்றுக்கு ஆண்டுதோறும் நூறு கலம் நெல் என்று அங்கே எழுதப்பட்டுள்ளது. அந்த நெல்லை ஆடவல்லான் என்னும் மரக்காலால் அளக்க வேண்டும் என்பதும் எழுதப்பட்டுள்ளது. மரக்காலுக்குப் பெயர் சூட்டியது ஏன்? மரக்கால் என்ற பெயர் ஒன்றாயினும் கொள்ளளவு இடத்துக்கு இடம் வேறுபட்டது. ஆகவே எண்ணை மட்டும் எழுதினால் போதாது. எந்த மரக்கால் என்பதையும் எழுத வேண்டும் என்பதை அன்றைய கணக்கர் அறிந்திருந்தனர்.

நில அளவையிலோ அவர்கள் இன்னும் நுட்பமாகச் சென்றனர். ஒன்றை 320 கூறிட்டால் ஒரு கூறு முந்திரி. அந்த முந்திரியை ஒன்றாகக் கொண்டு மீண்டும் 320 கூறிட்டால் கீழ்முந்திரி. அதற்கும் கீழ், அதற்கும் கீழ் என்று செல்லலாம். இது 320-ஐ அடிமானமாகக் கொண்ட எழுத்தேயாகும். உலகில் இத்துணைப் பெரிய அடிமானம் வழக்கில் இருந்தது அரிது. இராசராசன் காலத்து அளவையில் ஒரு வேலியின் 5,242 கோடியே 88 லட்சத்தில் ஒரு கூறு வரை கணக்கிட்டனர் என்று கல்வெட்டறிஞர் கண்டுள்ளனர். அவ்வெண், 320-ஐ நான்கு முறை தன்னோடு பெருக்கி, வந்ததை ஐந்தால் பெருக்கியது. வேலி என்பது ஏறத்தாழ ஆறரை ஏக்கர். அப்படியானால் அக்கூறு ஒரு சதுர மில்லிமீட்டரில் பாதியளவு. கடுகு ஒன்று கிடக்கும் இடத்தினும் சிறிது. எந்தக் கோலாலும் அதனை அளந்திருக்க இயலாது. பெருக்கலிலும் வகுத்தலிலும் வந்த மீதியைக் கணக்கர் விடாமல் எழுதியதன் விளைவே அது.

அதே தஞ்சைக் கல்வெட்டுகளில் வரி நீக்கிய நிலங்களின் பட்டியலில் ஊர்நத்தம், குளம், சுடுகாடு ஆகியவற்றோடு பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் குறிக்கப்படுகின்றன. கடுகளவு நிலத்திற்கும் கணக்கெழுதிய அவ்வேட்டில் நம் முன்னோரின் குடியிருப்பும் ஓர் எண்ணாக இடம்பெற்றது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம் மக்கள் எண்ணப்பட்டனர்; எண்ணுவோராக இருக்க இடந்தரப்படவில்லை.

அளந்த கையும் எழுதிய கையும்

பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை தமிழகத்தின் திண்ணைப் பள்ளிகளில் மூன்று கணக்கேடுகள் மனப்பாடம் செய்விக்கப்பட்டன. பொன்னிலக்கம் எண்களையும் பின்னங்களையும் கற்பித்தது. நெல்லிலக்கம் மேற்சொன்ன முகத்தலளவையைக் கற்பித்தது. எண்சுவடி பெருக்கல் வாய்பாடுகளைத் தந்தது. நிலமும் நெல்லும் உடையோர் வீட்டுப் பிள்ளைகள் அவற்றை உரத்த குரலில் ஓதிக் கற்றனர். நம் பிள்ளைகளுக்கு அத்திண்ணையில் இடமில்லை. ஆயினும் நிலத்தை அளக்கும்போது கோல் பிடித்தவர் பல ஊர்களில் வெட்டியானே. மடை திறந்து நீர் பங்கிட்டவரும் நம்மவரே. கோல் எத்தனை முறை விழுந்தது என்பதை அவர் அறிவார். அது எத்தனை குழி, எத்தனை மா என்று எழுதியவர் கணக்கர். செந்தில்பாபு என்னும் ஆய்வாளர் தென்னிந்தியக் கணக்கு வழக்குகளைப் பற்றி 2022-ல் வெளியிட்ட ஆங்கில நூலில் இப்பிரிவினை விரிவாக ஆராயப்பட்டுள்ளது. அளந்த கை ஒன்று. எழுதிய கை மற்றொன்று.

இதனால் நேர்ந்த இழப்பு யாது? ஒரு சிறு கணக்கால் விளக்குவோம். உழைப்பாளி ஒருவருக்கு நாளொன்றுக்கு மூன்று நாழி நெல் கூலி என்று வைத்துக்கொள்வோம். நூறு நாள் உழைத்தால் 300 நாழி. எட்டால் வகுத்தால் 37 குறுணி, மீதி 4 நாழி. 37-ஐப் பன்னிரண்டால் வகுத்தால் 3 கலம், மீதி 1 குறுணி. ஆகவே சேர வேண்டியது மூன்று கலம், ஒரு குறுணி, நான்கு நாழி. அடிமானம் மாற்றத் தெரியாத உழைப்பாளியிடம் "நூறு நாளுக்கு மூன்று கலம், சரியாயிற்று" என்று சொன்னால் அவர் எப்படி மறுப்பார்? விடுபட்ட குறுணியும் நானாழியும் பன்னிரண்டு நாழி. நான்கு நாள் உழைப்பு. எவரும் நெல்லைக் கொள்ளையிடவில்லை, மரக்காலைச் சாய்க்கவும் இல்லை. ஒரு வகுத்தலின் மீதி எழுதப்படாமல் போயிற்று, அவ்வளவே.

களத்தில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை ஒன்று என்று சொல்லாமல் "லாபம்" என்று தொடங்கி, பின் இரண்டு, மூன்று என எண்ணும் வழக்கத்தை நம் முதியோர் அறிவர். அந்த லாபம் யாருடையது என்று கேட்கக் கணக்கு அறிவு வேண்டியிருந்தது.

கதவு திறந்த காலம்

கதவு ஒரே நாளில் திறக்கவில்லை. 1894-ல் ஆல்காட், அயோத்திதாசப் பண்டிதர் முதலியோரின் ஒத்துழைப்புடன் சென்னையில் நம் பிள்ளைகளுக்கென இலவசப் பள்ளியைத் தொடங்கினார். 1923-ல் டாக்டர் அம்பேத்கர் ரூபாயின் சிக்கலைப் பற்றிய தம் பொருளியல் ஆய்வு நூலை இலண்டனில் வெளியிட்டார். தீண்டத்தகாதவர் எனத் தள்ளப்பட்ட சமுதாயத்தில் பிறந்த ஒருவர் நாட்டு நாணயத்தின் கணக்கையே ஆராய்ந்து தீர்ப்புக் கூறினார் என்பது எண்ணுந்தோறும் ஊக்கம் தருவது.

அந்த ரூபாயும் அக்காலத்தில் கலப்பு அடிமானம் உடையதே. 16 அணா ஒரு ரூபாய். 12 பை ஓர் அணா. ஆகவே ரூபாய்க்கு 192 பை. அதாவது கலத்து நாழியைப் போல் சரியாக இரு மடங்கு. மூவருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 5 அணா 4 பை. 1957 ஏப்ரல் முதல் நாள் ரூபாய்க்கு நூறு நயா பைசா என்று மாறிற்று. 1956-ஆம் ஆண்டின் எடையளவைச் சட்டத்தால் படியும் மரக்காலும் படிப்படியாக லிட்டருக்கும் கிலோவுக்கும் வழிவிட்டன. பங்கிடும் வசதி ஓரளவு குறைந்தது உண்மையே. ஆனால் எங்கும் ஒரே அளவு, ஒரே அடிமானம் என்றானதால், ஒரு முறை கற்றவர் எவரும் எங்கும் கணக்குப் பார்க்கலாம் என்னும் நிலை வந்தது. ஏழைக்கு இது சிறு நன்மையன்று.

1980-ல் தமிழக அரசு பரம்பரையாக வந்த கர்ணம் முதலிய கிராமப் பதவிகளை ஒழித்தது. தேர்வெழுதி வெற்றி பெறுவோர் கிராம நிருவாக அலுவலர் ஆகலாம் என்றாயிற்று. இட ஒதுக்கீட்டின் வழியே நம் சமுதாய இளைஞர்களும் அப்பதவியில் அமர்ந்தனர். கோல் பிடித்தவரின் பேரன் அடங்கலில் கையெழுத்திடும் காலம் வந்தது. அளந்த கையும் எழுதிய கையும் ஒன்றாயின.

இளைஞர்களுக்கு ஒரு சொல்

கல்வெட்டுகள் இன்று மறைபொருள் அல்ல. நம் அருணாசலேசுவரர் கோயில் கல்வெட்டுகளையும் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1990-ல் நூலாக வெளியிட்டுள்ளது. அவற்றில் வரும் கலத்தையும் குறுணியையும் நாழியையும் இக்கட்டுரையில் கண்ட முறையால் நீங்களே மாற்றிக் கணக்கிடலாம். எட்டால் வகுத்து மீதியை எழுதுக, பின் பன்னிரண்டால் வகுத்து மீதியை எழுதுக, அவ்வளவே வழி. வீட்டில் பழைய படியோ உழக்கோ இருப்பின் அதனைப் பழைய சாமான் கடையில் போட்டுவிடாமல், முதியோரிடம் அதன் வாய்பாட்டைக் கேட்டு எழுதி வையுங்கள்.

மாலை வகுப்பில் வினா எழுப்பிய மாணவருக்கு நாம் கூறும் விடை இதுவே. எண்ணுக்கு எழுத்தால் வரும் குணம் உண்டு. எழுத்து மாறினாலும் மாறாத குணமும் உண்டு. மனிதருக்கும் அப்படியே. ஊரார் நம்மீது எழுதி வைத்த பெயரும் இடமும் எழுத்தின் குணங்கள். எழுதும் முறை மாறினால் அவை மறையும். நம் அறிவும் உழைப்பும் எண்ணின் குணங்கள். எந்த ஏட்டில் எழுதினாலும் அவை குறையா. ஆயினும் ஏடு தானாக மாறுவதில்லை. கணக்குக் கற்றவர் கையில்தான் அது மாறும். பின்வரும் தலைமுறையின் கணக்கில் ஒரு நாழி மீதியும் விடுபடாதிருக்க, நம் பிள்ளைகள் அனைவரும் கணக்குக் கற்பார்களாக.